பிரிமோ கர்னேராவைக் காப்பாற்றியது ரெஸ்லிங்தான்

"ரெஸ்லிங் எல்லாம் டூப்பு, பாக்சிங்தான் நிஜம்" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே ஞாபகம் வருகிற பெயர் பிரிமோ கர்னேரா. உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியனாக இருந்து, அப்புறம் புரோ ரெஸ்லிங்குக்குப் போனவர். இந்த இரண்டில் அவரைச் சுரண்டித் தின்றது நிஜம் என்று ஊரே நம்பிய விளையாட்டுதான். இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

1906-ல் இத்தாலியின் வடகிழக்கே செக்குவால்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். வீட்டில் வறுமை. சிறு வயதிலேயே பிழைப்புக்காக பிரான்சுக்குப் போய், தச்சு வேலை பார்த்து, சர்க்கஸில் பலசாலியாக நின்று கூட்டத்துக்கு வித்தை காட்டியிருக்கிறார். ஆறரை அடி உயரம், 120 கிலோ உடம்பு. அதைப் பார்த்த பால் ஜூர்னே என்ற முன்னாள் பாக்சர், லியோன் சே என்ற மேனேஜரிடம் கொண்டுபோய் விட, 1928-ல் பாரிஸில் முதல் சண்டை. ஒழுங்காகக் குத்தவோ தடுக்கவோ கற்றுக்கொள்ள அவகாசமே கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்க டிக்கெட் விற்றது, அது போதும் என்று நினைத்தார்கள்.

1930-ல் அமெரிக்கா. மதுவிலக்குக் காலம், நியூயார்க்கில் கள்ளச்சாராயக் கும்பல்களின் கையில்தான் பணம். ஓனி மேடன், பில் டஃபி போன்றவர்கள் கர்னேராவைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் வரிசையாக நாக்அவுட் வெற்றிகள், அதில் எத்தனை பேரம் பேசி வைத்தவை என்று இன்றுவரை பேச்சு ஓயவில்லை. அந்த வருஷமே ஓக்லாந்தில் பாம்போ செவாலியருடன் நடந்த சண்டையில், செவாலியர் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய உதவியாளே தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகத் துண்டை வீசிச் சண்டையை முடித்துவிட, கூட்டம் கொதித்துப் போனது. இதெல்லாம் கர்னேராவுக்குத் தெரிந்து நடந்ததா? தான் ஜெயிப்பது நிஜம் என்றே அவர் நம்பினார் என்பதுதான் என் எண்ணம். தெரிந்து ஏமாற்றுகிறவன் பின்னால் 1934-ல் மேக்ஸ் பேயர் என்ற பாக்சருடன் நடந்த சண்டையில் அப்படி எழுந்து எழுந்து அடி வாங்கியிருக்க மாட்டான்.

1933 பிப்ரவரியில் எர்னி ஷாஃப் என்ற பாக்சர் இவரிடம் அடிபட்டு விழுந்து, சில நாளில் இறந்துபோனார். ஷாஃப் அதற்கு முந்தைய வருஷமே மேக்ஸ் பேயரிடம் கடுமையாக அடி வாங்கியிருந்தவர், உடம்பும் சரியில்லாமல் இருந்தவர். அவரை மேடையேற்றியவர்களைத்தான் கேட்டிருக்க வேண்டும். அதே வருஷம் ஜூன் 29-ல், அப்போதைய சாம்பியன் ஜாக் ஷார்க்கியை ஆறாவது ரவுண்டில் வீழ்த்தி கர்னேரா உலகச் சாம்பியன் ஆனார். முசோலினி அரசு அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஒரு வருஷம்கூட முழுதாக நீடிக்கவில்லை. 1934 ஜூனில் பேயர் அவரைப் பத்து முறைக்கு மேல் கீழே தள்ளினார், ஒவ்வொரு முறையும் எழுந்தார், பதினொன்றாவது ரவுண்டில் நடுவர் நிறுத்தினார். 1935-ல் யாங்கி ஸ்டேடியத்தில் ஜோ லூயிஸிடம் தோல்வி. அப்புறம் 1936-ல் லீராய் ஹேன்ஸிடம் இரண்டு முறை தோற்று ஆஸ்பத்திரியில் படுத்தபோது, கூட இருந்து சம்பாதித்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. 1938-ல் ஒரு சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. அத்தனை சண்டை போட்டும் கையில் பணம் இல்லை.

போர் முடிந்து 1946-ல், நாற்பது வயதை நெருங்கும்போது, மறுபடி அமெரிக்கா. இந்தத் தடவை ரெஸ்லிங். லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் ஆடிட்டோரியத்தில் தொடங்கி, ஊர் ஊராகப் போய், போன இடமெல்லாம் அரங்கு நிறைந்தது. 1947-ல் மாண்ட்ரியாலில் இவோன் ராபேர் தோற்கடிக்கும் வரை மாதக்கணக்கில் தோல்வியே இல்லை. லூ தெஸ் போன்ற பெரிய சாம்பியன்களோடு மோதினார். 1955-ல் ஜப்பானுக்குப் போய், அந்த ஊர் ரெஸ்லிங் நட்சத்திரம் ரிக்கிடோசானுடன்கூட மேடையேறினார்.

இங்கேயும் முடிவு முன்கூட்டியே பேசி வைத்ததுதான், அதை யார் மறுத்தார்கள்? ஆனால் அது அவருக்கும் தெரியும், எதிராளிக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காட்சியை நடத்துகிறார்கள், ஒருத்தர் உடம்பை இன்னொருத்தர் பார்த்துக்கொள்கிறார். பாக்சிங்கில் அவரைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் விஷயம் தெரியும், அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. எனக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. சர்க்கஸில் நின்றபோது கூட்டத்தை எப்படிக் கட்டிப்போட வேண்டும் என்று கற்றது, அந்த உருவம், அந்தச் சிரிப்பு, எல்லாம் ரெஸ்லிங்கில்தான் அவருக்கு உதவின. சம்பாதித்ததும் வீட்டுக்கு வந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கலிபோர்னியாவில் குடியேறி, 1953-ல் அமெரிக்கக் குடிமகனும் ஆனார்.

அவருடைய கதையை ஒட்டி எழுதப்பட்ட ஒரு நாவல் 1956-ல் படமாகவும் வந்தது. அதில் தன்னைக் காட்டிய விதம் பொறுக்காமல் வழக்குப் போட்டார், தோற்றார். உயிரோடு இருக்கும் மனிதனை ஏமாந்த சோணகிரியாக ஊருக்கே காட்டினால் யாருக்குத்தான் வலிக்காது? 1967-ல் உடம்பு முடியாமல் செக்குவால்ஸுக்கே திரும்பிப் போய், அங்கேயே இறந்தார்.

மோசமான ஹெவிவெயிட் சாம்பியன்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இவர் பெயரைச் சேர்க்கிறார்கள். பாக்சிங் திறமையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் வாதாட வரவில்லை. ஆனால் 1936-ல் முடிந்துபோனவர் என்று எழுதாதீர்கள். அதற்குப் பத்து வருஷம் கழித்து, ஒரு சிறுநீரகத்தோடு புதுத் தொழில் பழகி, அதில் குடும்பத்தை நிமிர்த்தியவர் அவர்.