சுவர் மட்டும் மலையைத் தாங்காது
மண்மேட்டின் அடியில் கொங்கிரீட் சுவர் கட்டினால் மலையக நகரங்களில் மண்சரிவு நிற்கும் என்கிறது ஒரு கட்டுரை. சுவரைத் தள்ளுவது மண்ணின் பாரம் மட்டுமல்ல, அதில் ஊறிய தண்ணீரும்தான். 2014 இல் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தை தோட்டக் குடியிருப்பை மூடியதும் அடைமழையில் ஊறிய மலைதான். சுவருக்குப் பின்னால் ஒரு அடி தடிப்புக்கு முக்கால் அங்குலக் கருங்கல் நிரப்பி, களிமண் புகாமல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, 3 அங்குல பிவிசி குழாய்களைச் சுவரின் ஊடாக 5 அடிக்கு ஒன்றாக, வெளிவாய் சற்றுத் தாழ்ந்திருக்க வைக்க வேண்டும். பல இடங்களில் குழாய் வாய் மட்டும்தான் இருக்கிறது, பின்னால் கல்லே இல்லை. இரண்டு நாள் மழைக்குப் பிறகும் அந்த வாய் வறண்டு கிடந்தால் உள்ளே களி அடைத்து, தண்ணீர் சுவரின் முதுகில் ஏறிக்கொண்டிருக்கலாம். அதைவிட முக்கியம் மேட்டுக்கு மேலே வெட்டும் கான், அதாவது மழைநீரை ஒதுக்கி விடும் வடிகால். தேயிலை மலைகளில் 120 அடிக்கு 1 அடி வாட்டத்தில் வெட்டிய கான்களை மண் போட்டு மூடி வீடு கட்டுகிறோம், போதாததற்குக் குசினித் தண்ணீரையும் அதே சரிவில் விடுகிறோம். மேட்டின் மேலே மரம் நட்டால் போதும் என்பவர்களுக்கு: சுவரின் தலைமாட்டில் யூகலிப்டஸ் வேண்டாம், காற்றில் அது ஆட ஆட மண் வெடிக்கும். அங்கே வெட்டிவேரோ மானாப்புல்லோ நடுங்கள்.