பிரியாணிக்குப் போன சிஸ்டர் எழுதுகிறேன்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். வயிற்றுவலிக்கும் மனசுக்கும் உள்ள தொடர்பு பற்றி ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் நர்சுகளுக்கு நடந்த பயிற்சியில் நாங்கள் உட்கார்ந்திருந்த படத்தைப் போட்டு, "வயித்துவலிக்கும் மனசுக்கும் நர்சுகளுக்கு ஒரு கிளாஸாம், பிரியாணிக்குக் கூட்டம் சேர்த்திருக்காங்க" என்று எழுதியவர் ஒரு டாக்டர். பெயர் சொல்ல மாட்டேன். அதற்குச் சிரித்து வைத்தவர்களில் என்னோடு நைட் டியூட்டி பார்த்தவர்களும் உண்டு. இருக்கட்டும். அன்று போட்டது தக்காளி சாதம். அறுநூறு ரூபாய் கட்டணம் என் கைக்காசு.

ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் டாக்டர்கள் இப்படித் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று மெடிக்கல் கவுன்சில் 2002-லேயே விதி போட்டிருக்கிறது. அவர்கள் உட்கார்ந்தால் படிப்பு, நாங்கள் உட்கார்ந்தால் பந்தி.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வயிற்றுவலி என்று வருகிறவர்கள் வாயைத் திறப்பது எங்களிடம். டாக்டர் அறையில் "வயித்துவலி சார்", அவ்வளவுதான். ஊசி போடும்போதுதான் "யானை வந்து சுவத்த இடிச்ச ராத்திரியிலிருந்து இப்படித்தான் சிஸ்டர்" என்று வரும். வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். வாசல் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் மாத்திரை கொடுக்கிற பெண்ணிடம் சொல்வதை, ஓ.பி. வரிசையில் நின்று எவரும் சொல்வதில்லை. கேட்கிற காது எங்களுடையது. அந்தக் காதுக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வகுப்பில் சொன்னது நம் ஆயாக்களுக்குத் தெரியாததும் இல்லை. பயந்தால் வயிற்றைக் கலக்கும், கெட்ட செய்தி வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். குடல் சுவருக்குள்ளேயே ஒரு பெரிய நரம்புப் பின்னல் இருக்கிறது, வேகஸ் நரம்பின் பெரும்பாலான இழைகள் வயிற்றிலிருந்து மூளைக்குத்தான் செய்தி கொண்டுபோகின்றன என்பது மட்டும் எனக்குப் புதிது.

சரி, என் தம்பி கதைக்கு வருகிறேன். பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறவன். இரண்டு வருடம் முன்பு தொப்பூர் இறக்கத்தில், அவனுக்கு முன்னால் போன லாரி பிரேக் பிடிக்காமல் கார் மேல் ஏறியது. இவன் வண்டி தப்பித்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. கீறல் இல்லாததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்கப்புறம் லோடு நாள் விடியற்காலையில் நாலு தடவை வயிற்றால் போகும், பிடித்து இழுக்கும். எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி, எல்லாம் நார்மல். "கேஸ் டிரபிள்" என்று அனுப்பினார்கள். யாரும் கேட்கவில்லை என்றேனே, அதில் நானும் சேர்த்திதான். பதினாறு வருடம் சர்வீஸ். புரோட்டா தின்னாதே, டீயைக் குறை என்று திட்டி, அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்ரசோல் மாத்திரை கொடுத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "இது எப்போ ஆரம்பிச்சுது? அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "அந்த லாரி ஹாரன் நிக்கவே இல்லக்கா" என்றான். இரண்டு வருடத்தில் முதல் தடவை. ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், டெஸ்டில் எதுவும் தெரியாமல் வயிற்றைப் படுத்துகிற குடல் தொந்தரவு) ஆக இருக்கலாம்டா என்றதற்கு, "போலீஸ் வேலையா?" என்று சிரிக்கிறான்.

இப்போது கிளம்பி வருவீர்கள், "ஒருநாள் வகுப்புக்குப் போய்விட்டு டாக்டர் ஆகிவிடுவீர்களா" என்று. அன்று முதல் ஒரு மணி நேரம் படித்ததே எதைத் தொடக்கூடாது என்றுதான். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, ஐம்பதுக்கு மேல் புதிதாக வந்த தொந்தரவு, இவை இருந்தால் பேச்சே கிடையாது, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். "எல்லாம் மனசுதான்னு சொல்லி நோயாளியை விரட்டுவீர்கள்" என்கிறார் இன்னொருவர். ஐயா, விரட்டிக்கொண்டிருப்பது யார்? வலி நிஜம் என்று சொல்லத்தானே கற்றுக்கொண்டோம். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அமிட்ரிப்டிலின் மாத்திரை, குறைந்த அளவில் ஐ.பி.எஸ்.ஸுக்கு உதவுகிறது என்று 2023-ல் இங்கிலாந்தில் 463 பேரிடம் நடந்த ஆய்வு சொன்னது. அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவீர்கள். "இது பைத்திய மாத்திரையாமே" என்று கேட்டு வந்து நிற்பவருக்குப் பதில் சொல்வது யார்? நாங்கள்.

ஓ.பி.யில் நூறு பேர் நிற்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்கிறீர்கள். அது நியாயம்தான், எனக்கும் கால் வலிக்கிறது. ஆனால் படம் எடுத்துப் போட்டுச் சிரிக்க நேரம் இருந்ததே. மனநல டாக்டருக்கு எங்கே போவது என்பவர்களுக்கு: 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி போன் நம்பர், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

"நர்சுகளுக்கு" என்று எழுதியிருந்த அந்தத் தொனிதான் இரண்டு நாளாகத் தொண்டையில் நிற்கிறது. தப்பாக ஒரு மாத்திரை போயிருந்தால் மட்டும் எங்கள் முழுப் பெயரும் ஞாபகம் வரும்.

தம்பியைப் புதன்கிழமை சேலத்துக்குக் கூட்டிப் போகிறேன். பஸ் வேண்டாம், ரயிலில் போகலாம் என்கிறான்.