நின்ற இடத்தில் 8 கிலோமீட்டர்

எங்கள் ஓட்டக் குழு வாட்ஸப்பில் ஒரு தம்பி காலையில் கேட்டிருந்தார்: "அண்ணா, மழை விடவே மாட்டேங்குது. வீட்டுக்குள்ளயே நின்ன இடத்துல ஓடினா போதுமா?" ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர மனசு வரவில்லை. நான் அதைச் செய்து பட்டவன்.

2020 ஊரடங்கு. தெருவில் இறங்க முடியாது. ஹாலில் சோபாவை ஓரம் தள்ளி, பழைய பாயை நாலாக மடித்துப் போட்டு, ஃபேனை ஐந்தில் வைத்து, தினமும் முக்கால் மணி நேரம் குதித்தேன். மூன்றாம் நாளே கீழ் வீட்டு அக்கா மேலே வந்து, "தம்பி, எங்க வீட்டு லைட்டு ஆடுதுப்பா" என்றார். கைபேசி ஆப்போ 8 கிலோமீட்டர் என்று கணக்குக் காட்டியது. பாயை விட்டு ஒரு அடி நகராதவன், அதை வெட்கமில்லாமல் ஸ்டேட்டஸில் வேறு வைத்தேன்.

தளர்வு வந்ததும் பெசன்ட் நகர் கடற்கரைக்கு ஓடினேன். மூச்சு வாங்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மூன்றாவது கிலோமீட்டரில் பின்தொடை கட்டை மாதிரி இறுகிவிட்டது. நொண்டியபடி ஆட்டோ பிடித்து வீடு வந்தேன்.

பிறகு யோசித்தால் விஷயம் எளிது. ரோட்டில் ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் கால் இடுப்புக்குப் பின்னால் நீண்டு தரையைத் தள்ளுகிறது. அந்த வேலையில் பெரும்பங்கு புட்டத்துக்கும் பின்தொடைக்கும். நின்ற இடத்தில் முட்டி மேலே வருகிறது, பாதம் அதே இடத்தில் விழுகிறது, அவ்வளவுதான். பின்தொடைக்குப் பாதி விடுமுறை. முன்பாதத்திலேயே குதிப்பதால் பாரமெல்லாம் கெண்டைக்காலுக்கும் குதிகால் நரம்புக்கும் போகிறது. (நரம்பு என்பது நம் பேச்சு, அது தசையை எலும்போடு கட்டும் தசைநாண்.) திடீரென்று முக்கால் மணி நேரம் குதித்தால் அது வலிக்காமல் என்ன செய்யும்?

ட்ரெட்மில்லும் அதே இடம்தானே என்பார்கள். இல்லை. அங்கே பெல்ட் காலைப் பின்னுக்கு இழுத்துப் போகிறது, எட்டு முழுசாக விழுகிறது. காற்றுத் தடைதான் இல்லை. அதற்குத்தான் பலர் 1 சதவீதம் ஏற்றம் வைக்கிறார்கள்.

இன்னொருவர் கட்டாயம் எமில் ஸாடோபெக்கை இழுப்பார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மராத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய மனுஷன், அழுக்குத் துணியைக் குளியல் தொட்டியில் போட்டு அதன்மேல் நின்ற இடத்தில் ஓடித் துவைப்பார் என்று ஒரு கதை உண்டு. இருக்கட்டும். அதே ஆள் 400 மீட்டரை ஒரே நாளில் பத்து பத்தாகத் திரும்பத் திரும்ப ஓடினவர். தொட்டியை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி?

அதற்காகச் சுத்த வேஸ்ட் என்று சொல்லமாட்டேன். ஓடுமுன் ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்க இதைவிடச் சுலபமான வழியில்லை, பள்ளியில் பி.டி. வாத்தியார் செய்ய வைத்தது அதைத்தான். என்.சி.சி.யில் 'கதம் தால்', அதாவது நின்ற இடத்திலேயே அணிநடை, அடித்தவர்களுக்கு முட்டி தூக்குவது இன்னும் மறந்திருக்காது. ஓடுகிற பழக்கம் விட்டுப் போகாமல் இருக்கவும் உதவும். மராத்தானுக்குத் தயாராகிறேன் என்று இதையே நம்பி உட்கார்வதுதான் எனக்குப் பிடிக்காதது.

தம்பிக்கு என் பதில்: பத்து நிமிடம் குதி, ஆப்பை அணைத்து வை. அப்புறம் படிக்கட்டுக்குப் போ. ஏறும்போது புட்டமும் தொடையும் தள்ளித்தான் ஆகவேண்டும். எங்கள் அடுக்ககம் நாலு மாடி. மழை நாளில் பதினைந்து முறை ஏறி இறங்குகிறேன். கீழ் வீட்டு அக்கா இப்போது கதவைத் திறந்து, "எத்தனாவது ரவுண்டு தம்பி?" என்கிறார்.