மோர்மன் இளைஞர்களுக்குச் சம்பளம் கிடையாது

வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு மதத்தைப் பரப்ப இருவர் இருவராக வீடு வீடாகப் போகும் மோர்மன் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு) பையன்களுக்கு அவர்களுடைய சபை சம்பளம் கொடுக்கிறது, வீட்டுக்கு வருடத்தில் இரண்டு முறைதான் பேச விடுவார்கள் என்று உங்களில் சிலர் எழுதுகிறீர்கள். முதல் விஷயம் தவறு, இரண்டாவது பழைய கதை.

சம்பளம் என்று எதுவும் இல்லை. அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பையன் ஜப்பானுக்குப் போனாலும் பிரேசிலுக்குப் போனாலும் அவனோ குடும்பமோதான் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். 400 டாலராக இருந்ததை 2020 ஜூலையிலிருந்து 500 ஆக்கினார்கள். பள்ளி நாட்களிலேயே வேலை பார்த்து இதற்காகச் சேர்த்து வைக்கிறவர்கள் நிறைய. வசதியில்லாத நாட்டுப் பிள்ளைகளுக்குச் சபை உதவுகிறது, ஆனால் அது செலவுக்குத்தான், கூலி இல்லை.

அப்புறம் அந்தத் தொலைபேசி விஷயம். கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும் பேசலாம், மற்றபடி கடிதமோ மின்னஞ்சலோதான் என்ற விதி உண்மையிலேயே இருந்தது. 2019 பிப்ரவரியில் அதை மாற்றிவிட்டார்கள். துணி துவைக்க, கடைக்குப் போக என்று வாரத்தில் ஒரு நாள் விடுவார்கள் இல்லையா, அன்றைக்கு வீட்டோடு வீடியோவிலேயே பேசலாம். பதினெட்டு வயதில் இரண்டு வருடம் ஊரை விட்டுப் போகிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அவர்கள் மதத்தை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம், ஆனால் கூலிக்கு வேலை செய்கிறார்கள் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.