பேசாத மாணவர் படிக்காதவர் இல்லை

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லித்தருபவர்கள் ஒன்றுகூடினாலே இந்தப் புலம்பல் வந்துவிடும்: "கேள்வி கேட்டால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. படித்துவிட்டு வந்தால்தானே!" நானும் அதே வேலையில் இருப்பவள்தான். ஆனால் இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்கவே முடியவில்லை. வாய் திறக்காதவர்களில் பலர் நன்றாகப் படித்துவிட்டு வந்தவர்கள்.

வரிசையாக ஆளுக்கொரு கேள்வி என்று போகும் வகுப்பில், கடைசி வரிசையில் இருப்பவரைக் கொஞ்சம் கவனியுங்கள். தனக்கு எந்தக் கேள்வி வரும் என்று தலைகளை எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார். பதிலை நோட்டில் எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார், உதடு அசையாமல் சொல்லிப் பார்ப்பார். அதுவரை மற்றவர்கள் பேசியது எதுவும் அவர் காதில் ஏறியிருக்காது. நடுவில் ஒருவர் பதில் சொல்லாமல் உட்கார்ந்து, கேள்வி ஒன்று தள்ளிப்போனால் போச்சு. எழுந்து நின்று "தெரியாது" என்பார். நாமும் அதை அப்படியே நம்பிவிடுவோம்.

1986-இல் எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பேச்சுத் தயக்கம், தேர்வு பயம், மற்றவர்கள் மட்டமாக நினைப்பார்களோ என்ற பயம் ஆகிய மூன்றோடும் இந்தப் பதற்றத்தைத் தொடர்புபடுத்தினார்கள். மூன்றாவதுதான் ஆளை முடக்குகிறது என்பேன். தாய்மொழியில் அரசியலும் தத்துவமும் விவாதிக்கும் இளைஞர், ஆங்கிலத்தில் நாலு வார்த்தைக்குள் சுருங்கிப்போகிறார். அதை வகுப்பே பார்க்கிறது. சொல்லைத் தேட வேண்டும், இலக்கணம் பார்க்க வேண்டும், உச்சரிக்க வேண்டும், எல்லாம் அந்த நொடியிலேயே. இதற்கு நடுவே "தப்பாகிவிடுமோ" என்ற கவலையும் கவனத்தைப் பிடுங்கினால், கட்டுரையில் பிரமாதமாக எழுதுபவருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

மொழி சரியாக வராததால்தான் பயமே வருகிறது என்று ஸ்பார்க்ஸ், கான்ஷோ போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பயந்தவர் பேசிப் பழகுவதில்லை, பழகாததால் பேச்சு வருவதில்லை. எங்கே தொடங்கியது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட நம் கையில் இருப்பதைச் செய்யலாம்.

"பயப்படாமல் பேசு" என்கிறோம். பேச ஆரம்பித்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்தி உச்சரிப்பைத் திருத்துகிறோம். அப்புறம் எப்படிப் பேசுவார்? கேட்டுவிட்டுக் காத்திருக்கக்கூட நமக்குப் பொறுமையில்லை. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் தாய்மொழியில் நடந்த அறிவியல் வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை 3 விநாடியாக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன. தாய்மொழியிலேயே அவ்வளவு நேரம் தேவையென்றால் வேற்று மொழியில் இன்னும் எவ்வளவு வேண்டும்!

முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்க விடுங்கள், பிறகு வகுப்புக்குச் சொல்லட்டும். பேசி முடித்தபின் திருத்துங்கள், அதுவும் பொருள் கெடும் பிழைகளை மட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பில் கை தூக்குபவருக்கு மட்டும் "பங்கேற்பு மதிப்பெண்" போடுவதை நிறுத்த வேண்டும். அது ஆங்கிலத்தை அளப்பதில்லை, யாருக்குப் பயம் குறைவு என்பதைத்தான் அளக்கிறது. இரண்டு பேராகப் பேசியதையும், வீட்டில் பதிவு செய்து அனுப்பிய பேச்சையும் அதே கணக்கில் சேருங்கள். அடுத்த பருவத்துக்கான மதிப்பீட்டுத் திட்டத்தை எழுதும்போதே இதைச் செய்துவிடலாம், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.