வாடிய தக்காளிச் செடியைக் கார்பன்டாசிம் நிமிர்த்துமா?

"திடீரென்று வாடும் தக்காளிச் செடியின் வேரில் கார்பன்டாசிம் கரைசலை ஊற்றுங்கள், மூன்றே நாளில் நிமிர்ந்துவிடும்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாக்டீரியா வாடல் நோய்க்கு இது பலிக்காது. கார்பன்டாசிம் பூஞ்சாணக்கொல்லி, பாக்டீரியாவைக் கொல்லாது.

இந்த நோயைத் தருவது ரால்ஸ்டோனியா என்ற மண்வாழ் பாக்டீரியா. அமெரிக்கத் தாவர நோய் ஆய்வாளர் எர்வின் ஸ்மித் 1896-லேயே இதை விவரித்துவிட்டார். வேர்க் காயம் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகிப் பிசின்போல அடைத்துக்கொள்ளும். அதனால்தான் இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே தொங்கிப்போகிறது.

அப்படியானால் மருந்து ஊற்றியதும் செடி நிமிர்ந்ததாகச் சொல்கிறார்களே? நோயின் தொடக்கத்தில் செடி உச்சிவெயிலில் வாடும், வெயில் தாழ்ந்ததும் தானாகவே தெளியும். அந்தப் பெயர் மருந்துக்குப் போய்விடுகிறது. சில நாளில் செடி மொத்தமாகச் சாய்ந்துவிடும். பாவம், காசும் போய் நாளும் போகிறது.

எந்த நோய் என்று வீட்டிலேயே பார்க்கலாம். அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியாதான்.

சரி, என்ன செய்யலாம்? வாடிய செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அங்கே உடனே கத்தரி, மிளகாய், உருளை வைக்க வேண்டாம், அவற்றையும் இந்த நோய் தாக்கும்; தண்ணீர் வசதி இருந்தால் நெல் போடுங்கள். தைவானிலுள்ள உலக காய்கறி மையம், நோயைத் தாங்கும் கத்தரி வேர்ச்செடியில் (வேரும் அடித்தண்டும் தரும் செடி) ஒட்டுக்கட்டிய தக்காளியைப் பரிந்துரைக்கிறது. நோய் கண்ட நிலத்துக்கு எனக்கும் அதுவே நல்ல வழியாகத் தெரிகிறது.