எஸ்பிஎஃப் பவுடர் இருந்தால் சன்ஸ்கிரீன் தேவையில்லையா?

“எஸ்பிஎஃப் 30 என்று போட்ட காம்பாக்ட் பவுடர் பூசினால் போதும், சன்ஸ்கிரீன் வீண் செலவு” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

எஸ்பிஎஃப் என்பது வெயிலிலிருந்து தோலுக்குக் கிடைக்கும் பாதுகாப்பின் அளவு. அந்த 30 என்ற எண், சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்து பெறப்படுவது. முகம் முழுவதற்கும் அந்தக் கணக்கில் ஏறக்குறைய 1 கிராம் பவுடர் வேண்டும். 9 கிராம் காம்பாக்ட் ஒன்பதே நாளில் காலியாக வேண்டும்! நம் வீட்டிலோ அது மாதக்கணக்கில் வருகிறது. அதாவது, தேவையானதில் சிறு பங்குதான் தோலில் படிகிறது. பாதுகாப்பும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இதை நம்பி வெயிலில் நிற்கும் பெண்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் சன்ஸ்கிரீன், அது தோலில் நன்றாகப் படிந்த பிறகே பவுடர். எண்ணெய் வழியும் நெற்றி, மூக்கு, தாடையில் பஞ்சால் மெல்ல ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள்; தேய்த்தால் அடியிலுள்ள சன்ஸ்கிரீனும் கலைந்துவிடும். வறண்ட கன்னங்களுக்கு மிகக் கொஞ்சம் போதும்.

உங்கள் தோலைவிட ஒரு படி வெளுப்பான நிறப் பவுடர் வாங்கச் சொல்வதையும் கேட்காதீர்கள். மாநிறத் தோலில் அது வியர்வை பட்டதும் சாம்பல் பூத்தது போல நிற்கும். கடை விளக்கில் பார்க்காமல், தாடையோரம் தடவி வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பூசிய இடம் தெரியவில்லையென்றால் அதுதான் உங்கள் நிறம்.